முதியோர் கண்ணொளியும் மக்கள் கடமையும்



நம் பங்கில் ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் இருக்கின்றார். நாற்பது ஆண்டுகளாக ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகத்தை வாசித்து வந்தவர். சொல் பிறழாது, குரல் நடுங்காது வாசிப்பார். சென்ற ஆண்டுத் தவக்காலத்தில் அவருடைய வாசிப்பில் தடுமாற்றம் தோன்றிற்று. வரிகள் விடுபட்டன. ஒரு ஞாயிறன்று வாசக நூலில் இல்லாத சொற்களும் அவர் வாயினின்று வந்தன. முதுமையின் மறதி என்று நாம் கருதினோம். பயிற்சியின்றி வருகின்றார் போலும் என்றும் எண்ணினோம். அவரிடம் ஒரு சொல்லும் கேளாமல், இளைஞர் ஒருவரை அப்பணிக்கு அமர்த்தினோம். அவரோ முணுமுணுப்பு ஏதுமின்றித் தூணோரமாகப் போய் அமர்ந்துகொண்டார்.

மூன்று திங்கள் கழித்து, வேறு காரியமாக அவருடைய இல்லத்திற்குச் சென்றோம். திண்ணையில் அமர்ந்திருந்த அவர், நாம் எதிரே வந்து நின்றதை அறியவில்லை. நாம் குரல் கொடுத்த பின்னரே, "தோத்திரம் சாமி, வாங்க" என்று தடவிக்கொண்டு எழுந்தார். அவருடைய துணைவியார் வாயிலாகவே உண்மை வெளிப்பட்டது. இரு கண்களிலும் புரை முற்றியிருந்தது. எழுத்துகள் மறைந்து ஓராண்டாகிவிட்டதாம். சனிக்கிழமை இரவில் பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, மனப்பாடம் செய்து வந்தே அவர் வாசக மேடையில் நின்றிருக்கின்றார். பேத்தி படிப்பிற்காக விடுதிக்குச் சென்றுவிட்ட பின்னர்தான் வரிகள் தவறத் தொடங்கின. நாம் சோம்பல் என்று எண்ணியது, உண்மையில் பெருமுயற்சியாக இருந்தது. அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

ஏன் இத்துணைக் காலம் மருத்துவம் செய்யவில்லை என்று வினவினோம். வளைகுடா நாட்டில் பணிபுரியும் மூத்த மகன், "அப்பாவுக்கு லேசர் சிகிச்சைதான், லென்சும் உயர்ந்ததாக இருக்க வேண்டும்" என்கின்றார். ஊரில் பயிர் செய்யும் இளையவர், "இலவச முகாமே போதும், பாதிச் செலவை ஏற்க என்னிடம் பணமில்லை" என்கின்றார். ஓராண்டாக இவ்வழக்கு தொலைபேசியிலேயே நடந்துகொண்டிருந்தது. தந்தையின் விருப்பத்தை இருவருமே கேட்கவில்லை. இவ்வழக்கு அவ்வொரு வீட்டில் மட்டும் நடப்பதன்று. பங்கில் பல வீடுகளில் நடப்பதை நாம் பின்னர் அறிந்தோம். ஆகவேதான் இத்திங்கள் இதுபற்றி எழுதத் துணிந்தோம். நாம் மருத்துவரல்லோம், மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெளிந்தவற்றையே கூறுகின்றோம்.

புரை என்பது யாது?

கண்ணின் மேல் படரும் தோல் என்று பலர் எண்ணுகின்றனர், அது சரியன்று. பாவைக்குப் பின்னால் இயல்பாகவே ஒரு தெளிந்த லென்ஸ் உண்டு. அது மெல்லிய உறையொன்றினுள் பொதிந்திருக்கும். அந்த லென்ஸ் மங்கி வெண்மையோ பழுப்போ அடைவதே கண்புரை. முதுமையே இதற்குத் தலையாய காரணம். நீரிழிவு, கண்ணில் பட்ட அடி, புகைபிடித்தல், நெடுங்காலம் உட்கொள்ளும் ஸ்டீராய்டு மருந்துகள், கடும் வெயில் ஆகியவை இதனை விரைவுபடுத்தும். உருவான புரையைக் கரைக்கும் சொட்டு மருந்தோ மாத்திரையோ இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. அறுவைச் சிகிச்சை ஒன்றே வழி. மூலிகைச் சாற்றையும் தாய்ப்பாலையும் கண்ணில் ஊற்றுவோர் இன்னும் உளர். அதனால் புண்ணும் சீழுமே மிஞ்சும்.

கண் பறிபோன தந்தையின் துன்பத்தைத் தோபித்து நூல் உருக்கமாகக் கூறுகின்றது. குருவிகளின் எச்சம் விழுந்து தோபித்தின் கண்களில் வெண்படலம் படர்ந்தது. மருத்துவர் பலரை நாடியும் பயனில்லை. இறுதியில் அவருக்குப் பார்வை வந்தது யார் கையால்? வானதூதர் இரபேல் வழி காட்டினார். ஆனால் மீனின் பித்தத்தைத் தந்தையின் கண்ணில் இட்டதும், படலத்தை உரித்ததும் மகன் தோபியாவின் கைகளே. வானதூதர் அருகில் நின்றபோதும், இறைவன் மகனுடைய கையை ஒதுக்கிவிடவில்லை.

மனிதர் கற்ற வழி

பண்டைக் காலத்தில் ஊசியால் புரையைக் கண்ணுக்குள்ளேயே தள்ளிவிடுவர். சுசுருதர் பெயரால் வழங்கும் நூலில் இம்முறை காணப்படுகின்றது. பிரெஞ்சு நாட்டு மருத்துவர் ஜாக் டாவியேல் 1747 இல் புரையைக் கண்ணினின்று வெளியே எடுத்தார். எனினும் எடுத்த லென்சுக்கு ஈடாகத் தடித்த மூக்குக்கண்ணாடியையே அணிய வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானிகள் சிலருடைய கண்களில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் துணுக்குகள் தைத்தன; அவை கண்ணைப் பெரிதும் உறுத்தாமல் தங்கியிருந்ததை இலண்டன் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி கவனித்தார். அதே வகைப் பொருளால் லென்ஸ் செய்து 1949 இல் கண்ணினுள் பொருத்தினார். அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன் 1967 இல், செவிக்குக் கேளாத மிகை ஒலி அதிர்வால் புரையை நொறுக்கி உறிஞ்சும் முறையை ஏற்படுத்தினார். இதனால் கண்ணில் இடும் கீறல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கியது.

நம் நாட்டிலும் ஒரு பெருமகனை நினைவுகூர்தல் வேண்டும். முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன மருத்துவர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்றபின், 1976 இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் துணை நிறுவனமான ஆரோலேப் 1992 இல் லென்சுகளை இங்கேயே செய்யத் தொடங்கியதால், வெளிநாட்டு விலை கொடுக்க இயலாத ஏழைக்கும் லென்ஸ் கிட்டிற்று. இலவசம் என்றதும் தாழ்ந்தது என்று எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் நலம்.

லேசர் என்ன செய்கின்றது?

"லேசர் என்றால் கத்தியில்லை, கண்ணைத் திறப்பதேயில்லை" என்பது பலருடைய நம்பிக்கை. அவ்வாறன்று. இவ்வகை லேசர் 2008 இல் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் மருத்துவர் சோல்தான் நாகி என்பவரால் புரை அறுவைக்கு முதலில் பயன்படுத்தப்பட்டது. அதன் ஒளித்துடிப்பு நம்ப இயலாத அளவு குறுகியது. கோடியைக் கோடியால் பெருக்கி, அதனையும் பத்தால் பெருக்கினால் எத்தனை பங்கு வருமோ, ஒரு நொடியை அத்தனை பங்காக்கிய அளவில் அதன் கால அளவைக் கணக்கிடுவர். கருவி முதலில் அந்தந்த நோயாளியின் கண்ணைப் படம்பிடித்து, எங்கே எவ்வளவு ஆழம் வெட்டுவதென்று கணக்கிடும். பின்னர் லேசர் மூன்று வேலைகளைச் செய்யும்: கருவிழி ஓரத்தில் கீறலிடும், லென்ஸ் உறையின் முன்புறத்தில் வட்டமாகத் துளையிடும், புரையைத் துண்டுகளாகப் பிளக்கும். அதன்பின் துண்டுகளை உறிஞ்சி எடுப்பதும், புதிய லென்சைப் பொருத்துவதும் மருத்துவருடைய கையே. வட்டத் துளை சீராக அமைவதும், அதிர்வின் ஆற்றல் குறைவாகத் தேவைப்படுவதும் இதன் நன்மைகள். சில வகைக் கண்களுக்கு மருத்துவர் இதனையே விரும்பக்கூடும்.

ஆனால் இறுதியில் பார்வை மேம்படுகின்றதா? பிரெஞ்சு நாட்டின் ஐந்து பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 900க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2020 இல் வெளியாயிற்று. கையால் செய்யும் அதிர்வு முறையைவிட லேசர் முறை மேலானது என்று அது காணவில்லை. கூடுதல் செலவுக்கேற்ற பலனும் தென்படவில்லை. அதே ஆண்டு இங்கிலாந்தில் 785 பேரைக் கொண்டு வெளியான ஆய்வும் இரு முறைகளின் பலனும் ஏறத்தாழ ஒன்றே என்று காட்டிற்று. ஆகவே, பணமுள்ளவர் மருத்துவரின் கருத்தோடு லேசரைத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. லேசருக்குப் பணமில்லையே என்று ஓராண்டு காத்திருப்பதுதான் தவறு. புரை முற்ற முற்ற இறுகும், சிலவேளை வீங்கிக் கண்ணின் அழுத்தத்தை உயர்த்தும், அறுவையும் கடினமாகும். அதற்கிடையில் முதியவர் கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், எந்த லேசரால் அதனை ஈடு செய்வது?

அவரவர்க்கு ஏற்ற லென்ஸ்

இக்காலத்தில், "ஒவ்வொருவர்க்கும் தனியாக அளந்து செய்யும் சிகிச்சை" என்று பெரிதாகப் பேசப்படுகின்றது. உண்மையில் அளத்தல் எல்லா நல்ல மருத்துவமனைகளிலும் நடப்பதே. கண்ணின் நீளம் சராசரியாக 23 அல்லது 24 மில்லிமீட்டர். அதனையும் கருவிழியின் வளைவையும் அளந்தே லென்சின் சக்தியைக் கணிப்பர். நீளத்தை ஒரு மில்லிமீட்டர் பிழையாக அளந்தாலும் கண்ணாடியின் சக்தி இரண்டு மூன்று எண்கள் மாறிவிடும். கண் உலர்ந்திருந்தால் அளவு பிசகும். ஆகவே மருத்துவர் சில நாள்கள் சொட்டு மருந்திட்டு மீண்டும் வரச் சொன்னால் சலிப்படையலாகாது.

லென்சுகளிலும் வகையுண்டு. ஒரே தொலைவைத் தெளிவாகக் காட்டுவது ஒன்று. அதற்குப் படிக்கும்போது கண்ணாடி வேண்டும். கருவிழியின் வளைவுக் கோணலைச் சரிசெய்வது மற்றொன்று. பல தொலைவுகளையும் காட்டுவது வேறொன்று. இதனைப் பொருத்திக்கொண்ட சிலருக்கு இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றும். விழித்திரை நோயுள்ளவர்க்கு அது பெரும்பாலும் ஏற்றதன்று. விலை உயர்ந்தது எல்லாக் கண்ணுக்கும் உயர்ந்ததாகாது. எது ஏற்றது என்பதை அறிய, அந்த மனிதர் தம் கண்ணைக் கொண்டு என்ன செய்கின்றார் என்று கேட்டாக வேண்டும்.

நம் உபதேசியாரிடம் மருத்துவர் அவ்வாறே கேட்டார். "வீட்டு வேலை பார்க்கணும், நடக்கணும், அப்புறம் வாசகம் வாசிக்கணும் ஐயா, அதுக்குக் கண்ணாடி போட்டுக்கிறேன்" என்றார் பெரியவர். எளிய லென்சே போதுமென்று அங்கேயே முடிவாயிற்று. ஓராண்டு வழக்கு ஒரு கேள்வியில் தீர்ந்தது.

மறைத்த மாத்திரை

மற்றொரு செய்தி இதனினும் முதன்மையானது. அறுவைக்கு முன் செவிலியர், "என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று வினவினார். பெரியவர் நீரிழிவு மாத்திரையை மட்டும் கூறினார். ஆறாண்டுகளாகச் சிறுநீர்த் தடைக்கு உட்கொண்டுவந்த மாத்திரையைக் கூறவில்லை. மருமகள் அருகில் நின்றாள், கூச்சம் தடுத்தது. துணைவியார் இதனை நம்மிடம் கவலையோடு கூறினார்.

டாம்சுலோசின் என்னும் அம்மாத்திரை புராஸ்டேட் வீக்கத்திற்குப் பரவலாகத் தரப்படுவது. அது பாவையைச் சுற்றியுள்ள தசையையும் தளர்த்தும். அறுவையின்போது பாவை திடீரெனச் சுருங்கும். தளர்ந்த சவ்வு கருவியின் வழியில் வந்து விழும். அமெரிக்க மருத்துவர்கள் டேவிட் சாங், ஜான் கேம்பெல் இருவரும் 2005 இல் இதனை எடுத்துரைத்தனர். மருந்தைச் சில நாள்கள் நிறுத்துவதால் மட்டும் இவ்விளைவு நீங்கிவிடாது. ஆனால் முன்னரே தெரிந்தால் மருத்துவர் அதற்குரிய மருந்தும் கருவியும் ஆயத்தமாக வைத்துக்கொள்வார். தெரியாவிடில் கண்ணுக்கே கேடு நேரலாம்.

நாம் பெரியவரைத் தனியே அழைத்து, "பாவசங்கீர்த்தனத்தில் ஒன்றை மறைத்தால் யாருக்கு நட்டம்?" என்று மட்டும் கேட்டோம். அவர் சிரித்தார்; மறுநாளே சென்று மருத்துவரிடம் கூறிவிட்டார். "நல்ல வேளை சொன்னீங்க பெரியவரே" என்றாராம் மருத்துவர்.

ஆகவே குடும்பத்தாரே, அறுவைக்குச் செல்லும்போது வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டுக் கொண்டுசெல்லுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், ஆஸ்துமா மருந்துகள், கண் சொட்டுகள், சித்த மருந்துகள் யாவும் அதில் இருக்கட்டும். ஒவ்வாத மருந்து ஏதேனும் இருப்பின் கூறுங்கள். இரத்தம் உறையாதிருக்க உட்கொள்ளும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது இதயத்திற்கும் மூளைக்கும் ஆபத்து. புரை அறுவைக்குப் பெரும்பாலும் அதனை நிறுத்த வேண்டியதில்லை. மருத்துவர் சொல்வதே முடிவு. முதியவர் கூச்சமின்றிப் பேச, மருத்துவரிடம் சிறிது நேரம் தனியே இருக்கவும் விடுங்கள்.

அறுவைக்குப் பின்

அறுவைச் சிகிச்சை அரைமணிக்குள் முடிந்துவிடும். வீட்டாரின் பணியோ அதன்பின் வாரக்கணக்கில் நீளும். கிருமி புகாதிருக்க ஒரு சொட்டும், வீக்கம் தணிய ஸ்டீராய்டு சொட்டும், சிலர்க்கு வேறொரு வீக்கத் தடுப்புச் சொட்டும் தரப்படும். ஸ்டீராய்டு சொட்டை முதலில் பலமுறையும், பின்னர் படிப்படியாகக் குறைத்தும் நான்கு முதல் ஆறு வாரங்கள் இடச் சொல்வர். நோவு இல்லையென்று இடையில் நிறுத்தினால் உள்வீக்கம் மீண்டும் எழும். மாறாக, எஞ்சிய புட்டியை எடுத்துவைத்து, கண் சிவந்த பேரனுக்கு இடுவது பெருந்தீங்கு. சில நோய்கள் அதனால் முற்றும். கண்ணின் அழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பும் கெடலாம்.

சொட்டு இடும் முறையையும் கூறுகின்றோம். கையைச் சோப்பினால் கழுவுக. கீழிமையை மெல்ல இழுத்து, புட்டியின் முனை இமையிலோ முடியிலோ படாமல் ஒரு துளி இடுக. கண்ணை மூடி, மூக்கோரத்து முனையை ஒரு நிமிடம் மெதுவாக அழுத்துக. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் இடைவெளி விடுக. மருத்துவர் சொல்லும் நாள்வரை தலைக்குக் குளித்தல், கண்ணைக் கசக்குதல், அடுப்புப் புகையில் நிற்றல், பளு தூக்குதல் ஆகியவை வேண்டா. உறங்கும்போது கண்காப்பு அணிக.

கண்ணுக்குள் கிருமி புகுதல் அரிது. மதுரை அரவிந்த் மருத்துவர்கள் 20 இலட்சம் அறுவைகளை ஆராய்ந்து, முடிவில் கண்ணுக்குள் மாக்சிஃப்ளாக்சசின் மருந்தைச் செலுத்தினால் அது 10,000க்கு 7 என்னும் அளவினின்று 2 ஆகக் குறைகின்றது என 2019 இல் வெளியிட்டனர். அரிதாயினும் நேர்ந்தால் மணிக்கணக்கில் பார்வை அழியும். ஆகவே அறுவைக்குப்பின் நோவு மிகுந்தாலோ, சிவப்பு கூடினாலோ, தெளிந்த பார்வை மீண்டும் மங்கினாலோ, மின்னல் போன்ற ஒளி தோன்றினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே கொண்டு செல்லுங்கள்.

சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மீண்டும் மங்கினால், புரை திரும்பிவிட்டது என்று அஞ்ச வேண்டா. லென்சின் பின்னுள்ள உறை மங்குவதே அது. வேறொரு வகை லேசரால் சில நிமிடங்களில் அதில் வழி திறந்துவிடுவர்.

கேட்பதே தொடக்கம்

நம் ஆண்டவர் பெத்சாய்தாவில் பார்வையற்ற ஒருவருக்கு இரண்டு படிகளில் ஒளி தந்ததை மாற்கு நற்செய்தியில் படிக்கின்றோம். கை வைத்தபின், ஏதேனும் தெரிகின்றதா என்று அவர் அம்மனிதரையே கேட்டார். மனிதர்கள் மரங்களைப்போல் தெரிகின்றனர் என்று அவரும் ஒளிக்காமல் கூறினார். ஆண்டவர் மீண்டும் கை வைத்தார். அனைத்தும் அறிந்தவரே கேட்டார்; ஒன்றும் அறியாத நாம் கேளாமலே தீர்ப்பிட்டோம். உபதேசியாரின் கைகளைப் பற்றி நாம் மன்னிப்புக் கேட்டோம். "இதுக்கெல்லாம் எதுக்கு சாமி" என்று அவர் சொன்னது நமக்கு இன்னும் பாரமாகவே இருக்கின்றது.

சூலையில் ஒரு கண்ணும் செப்டம்பரில் மறு கண்ணும் நலமாயின. மூத்தவர் பயணச் செலவும் மருந்துச் செலவும் அனுப்பினார். இளையவர் ஆறு வாரம் வயலிலிருந்து வேளை தவறாமல் வந்து, தந்தையின் கண்ணில் சொட்டு இட்டார். அந்நாள்களில் அண்ணன் தம்பியின் தொலைபேசிப் பேச்சிலும் பழைய அன்பு திரும்பிற்று. கண்நோய் உற்றோர்க்குப் பாதுகாவலியான புனித லூசியாவின் திருநாளாகிய டிசம்பர் 13 அன்று, அவர் கண்ணாடி அணிந்து வாசக மேடையில் நின்றார். விடுமுறையில் வந்திருந்த பேத்தி முதல் வரிசையில் அமர்ந்திருந்தாள். ஒரு வரியும் தவறவில்லை.

தாய் தந்தையரை மதிக்க வேண்டுமென்பது நான்காம் கட்டளை. அதனை நிறைவேற்ற ஓர் எளிய வழி கூறி முடிக்கின்றோம். இந்த ஞாயிறு மாலை செபமாலை முடிந்ததும், உங்கள் வீட்டுப் பெரியவரை அமரவைத்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச்செய்து, சுவரிலுள்ள நாட்காட்டியின் எழுத்தை வாசிக்கச் சொல்லுங்கள். பின் மறு கண்ணை மூடி வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் கடிந்துகொள்ளாதீர்கள், மறுநாளே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.